திரைக்குப் பின்னால் யார்?

வீட்டுக் கணினியை முடுக்கிவிட்டு, அதன் முன்னே யாதொரு வேலையும் செய்யாமல் ஐந்து நிமிடம் சும்மா இருந்து பாருங்கள். சாவிப்பலகையைத் தொடவேண்டாம், சுட்டியை அசைக்கவேண்டாம். ஆயினும் உள்ளிருக்கும் விசிறி ஒருமுறை இரைந்து அடங்கும். சிறு விளக்கொன்று விட்டுவிட்டு மினுங்கும். வேலை கொடுத்தவர் ஒருவருமில்லை. வேலை மட்டும் நடந்துகொண்டிருக்கிறது. யார் செய்கிறார்கள்? யாருக்காகச் செய்கிறார்கள்?

இப்பகுதியை ஒழுங்காகப் படித்துவரும் உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் இதே வினாவைச் சிறிது அச்சத்தோடு எழுதிக் கேட்டிருக்கிறார். அவர் வீட்டிலே உள்ளது பழைய கணினி ஒன்றே ஒன்று. அவருடைய பாடக் குறிப்புகளும், தங்கையின் பயிற்சிகளும், கொழும்பிலே தொழில் பார்க்கும் தமையனார் பணம் அனுப்பும் வங்கிக் கணக்கும் யாவும் அதனுள்ளேயே அடங்கியிருக்கின்றன. திரைக்குப் பின்னால் ஓடும் செய்நிரல்களின் பட்டியலை அவர் திறந்து பார்த்திருக்கிறார். நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள்! அவற்றுள் தமக்குத் தெரிந்தவை ஐந்தாறுகூட இல்லையாம். “தெரியாதவற்றையெல்லாம் அழித்துவிடலாமா?” என்று கேட்கிறார்; ஐயத்துக்குரியவையென்று ஐந்து பெயர்களையும் குறித்தனுப்பியிருக்கிறார்.

வேண்டாம் தம்பி, சற்றுப் பொறும்.

மார்கழிப் பௌர்ணமி தொடக்கம் வெசாக் வரையில் நமது நல்லதண்ணியில் முன்பின் அறியாத முகங்கள்தாம் மிகுதி. சிவனொளிபாதமலை ஏறுவதற்கு நாடெங்கிலுமிருந்து மக்கள் வந்து குவிகிறார்கள். அவர்களுள் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. அதற்காக நாம் கதவைத் தாழிட்டுக்கொண்டு நடுங்குவதில்லை. வீதியோடு போகிறவர் போகிறார். ஆனால் நள்ளிரவிலே அந்நியன் ஒருவன் நமது லயத்துக்குள் நுழைந்து அடுப்படியைத் துழாவினால், அப்போது “யாரப்பா நீ?” என்று கேட்கிறோம். அறியாதவன் என்பது வேறு. ஆகாதவன் என்பது வேறு. கணினிக்குள்ளும் இவ்வேறுபாட்டைக் காணத் தெரிந்துகொள்வதே இன்றைய பாடம்.

முதலிலே பட்டியலைத் திறக்கும் வழி. கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று சாவிகளையும் ஒருங்கே அழுத்தினால் ‘டாஸ்க் மனேஜர்’ என்ற சாளரம் தோன்றும். மைக்ரோசொப்ட் நிறுவனத்தில் பணியாற்றிய டேவ் பிளம்மர் என்பவர் எழுதிய இச்சிறு கருவி, 1996ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வின்டோஸ் என்.டி. 4’ பதிப்பிலே முதன்முதலாக இடம்பெற்றது. தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை கையிலிருக்கும் செக்ரோலைப் போன்றது இது. யார் யார் இன்று வேலைக்கு நிற்கிறார்கள், ஒவ்வொருவரும் எவ்வளவு நேரத்தையும் நினைவகத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை இதிலே காணலாம்.

கண்டவுடன் திகைப்பது இயல்பே. அந்தத் திகைப்பிலே வேடிக்கையும் உண்டு. விவரப் பக்கத்தில் ‘சிஸ்டம் ஐடில் புரொசெஸ்’ என்றொரு பெயர் நூற்றுக்குத் தொண்ணூறு, தொண்ணூற்றைந்து என்று முறைவழியாக்கியின் நேரத்தை விழுங்கிக்கொண்டிருப்பதாகக் காட்டும். இதனைப் பெருங்கள்வனென்று கருதி அஞ்சினோர் பலர். உண்மையில் அது வேலையே அன்று, வேலையின்மையின் அளவு. கணினி எவ்வளவு ஓய்வாயிருக்கிறதோ அவ்வளவுக்கு அந்த எண் உயரும்.

இன்னொரு பெயர் ‘எஸ்விசிஹோஸ்ட்’. ஒரே பெயர் பத்து, இருபது, ஐம்பது தடவைகூடத் தோன்றும். தனித்து ஓட இயலாத வின்டோஸ் சேவைகளைத் தன்னகத்தே ஏற்றி ஓட்டும் வண்டி இது. முன்பு பல சேவைகள் ஒரே வண்டியிலே சென்றன. 2017ஆம் ஆண்டில் வெளிவந்த வின்டோஸ் 10இன் புதுப்பிப்பு ஒன்று முதலாக, 3.5 கிகாபைட்டுக்கு மேல் நினைவகமுள்ள கணினிகளில் பெரும்பாலான சேவைகளுக்குத் தனித்தனி வண்டி கொடுக்கப்பட்டது. ஒன்று பழுதானால் மற்றவை நில்லாமல் ஓடவேண்டும் என்பதே நோக்கம். ஆகவே இப்பெயர் பல்கிப் பெருகியிருப்பது நோயின் அறிகுறியன்று.

ஆனால் கள்வரும் இதே பட்டியலைப் படித்தவர்களே. நல்லவன் எவன் பெயரில் நடமாடுகிறானோ அவன் பெயரையே தானும் பூண்டுகொள்வது பழைய தந்திரம். கடவுச்சொல் முதலிய காவல் அலுவல்களைக் கவனிக்கும் ‘எல்சாஸ்’ என்னும் வின்டோஸ் செய்நிரலின் பெயர் ஆங்கிலச் சிற்றெழுத்து ‘எல்’லிலே தொடங்குகிறது. அதற்குப் பதிலாகப் பேரெழுத்து ‘ஐ’யைப் போட்டால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்பதில் இரண்டு எழுத்துகளை இடம் மாற்றியும், ‘ஓ’வுக்குப் பதில் பூச்சியத்தை இட்டும் வந்த தீநிரல்கள் உண்டு. எனவே பெயரைப் படித்து மட்டும் நம்புதல் தகாது.

பெயரைப் படித்து மட்டும் அஞ்சுதலும் தகாது. இதற்கு நல்ல சான்று 2001, 2002ஆம் ஆண்டுகளிலே உலகம் முழுவதும் பரவிய இரு வதந்திகள். ‘சல்ப்என்பிகே’ என்றொரு கோப்பு உங்கள் கணினியில் இருந்தால் அது வைரசு, உடனே அழித்துவிடுங்கள், நண்பர்களுக்கும் அறிவியுங்கள் என்று முதலாவது மின்னஞ்சல் கூறிற்று. மக்கள் தேடினார்கள், கோப்பு இருந்தது, அழித்தார்கள். அடுத்த ஆண்டு, கரடிக்குட்டிப் படத்தைச் சின்னமாகக் கொண்ட ‘ஜேடிபிஜி மனேஜர்’ என்னும் கோப்பைப் பற்றி அதே கதை. அதுவும் எல்லார் வீட்டிலும் இருந்தது. ஏன் இராது? இரண்டும் வின்டோசோடு கூடவே வந்த குற்றமற்ற கோப்புகள். ஒன்று நீண்ட கோப்புப் பெயர்களை மீட்டுக்கொடுப்பது. மற்றது ஜாவா மொழியில் எழுதுவோருக்கு உதவுவது. இங்கே வைரசு எழுதவேண்டிய வேலைகூடக் கயவனுக்கு இருக்கவில்லை. ஒரு கடிதம் போதுமாயிருந்தது. மிகுதியைப் பயனாளரின் பயமே செய்து முடித்தது.

அப்படியாயின் எதைக் கொண்டு இனங்காண்பது? ஆள் யாரென்று தெரியாதபோது, எங்கே இருக்கிறாய், யார் கைச்சீட்டோடு வந்தாய், யார் அழைத்து வந்தார், என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்றுதானே கேட்போம்? கணினியிடமும் அவற்றையே கேட்கலாம்.

பட்டியலில் உள்ள பெயரின்மீது சுட்டியின் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, ‘ஓப்பின் பைல் லொக்கேசன்’ என்பதைத் தெரிந்தால் அச்செய்நிரல் குடியிருக்கும் வீடு தெரியவரும். உண்மையான ‘எஸ்விசிஹோஸ்ட்’ வின்டோஸ் உறைக்குள்ளே ‘சிஸ்டம்32’ என்னும் அறையில் வசிக்கும். சிலவேளை ‘சிஸ்வவ்64’ அறையிலும் காணப்படும். அதே பெயருடையது உங்கள் பதிவிறக்க உறையிலோ, ‘டெம்ப்’ என்னும் தற்காலிக உறையிலோ இருந்து ஓடுமாயின், அது வேடதாரி என்பதிலே ஐயமில்லை.

அடுத்தது கைச்சீட்டு. நமது முன்னோர் காலத்துத் தோட்டங்களிலே ‘துண்டு’ என்றொரு முறை இருந்ததைப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கங்காணியின் கடனைத் தீர்த்தால் அவனையும் அவன் ஆட்களையும் விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அச்சீட்டின்றி மற்றத் தோட்டத்தில் ஆளை ஏற்கமாட்டார்கள். கடனோடு மனிதரைக் கட்டி வைத்த அந்தக் கொடிய முறை 1921ஆம் ஆண்டிலே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது, ஒழிந்ததே நன்று. செய்நிரல்களுக்கு அத்தகைய சீட்டு இருப்பது மட்டும் நமக்கு நன்மை. அதனை இலக்கமுறைக் கையொப்பம் என்பர். இக்கோப்பை இன்ன நிறுவனம் வெளியிட்டது, வெளியிட்டபின் ஓரெழுத்தும் மாற்றப்படவில்லை என்பதை அது உறுதிப்படுத்தும். கோப்பின் ‘ப்ரொபர்ட்டீஸ்’ சாளரத்தில் இதற்கென ஒரு பக்கம் உண்டு. ஆனால் அப்பக்கம் காணப்படாவிட்டால் உடனே குற்றஞ்சாட்டவேண்டாம். வின்டோசின் சொந்தக் கோப்புகள் பலவற்றுக்குக் கையொப்பம் கோப்பினுள் இல்லாமல், வேறொரு பேரேட்டிலே பதியப்பட்டிருக்கும். சீட்டு ஆளின் கையில் இல்லை. அலுவலகத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

அந்தப் பேரேட்டையும் பார்த்துச் சொல்லும் கருவி ‘புரொசெஸ் எக்ஸ்புளோரர்’. மார்க் ருசினோவிச், பிரைஸ் கோக்ஸ்வெல் என்னும் இருவர் நடத்திய ‘சிஸ்இன்டேர்னல்ஸ்’ குழுவினர் ஆக்கியது. 2006ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் அவர்களுடைய நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. எச்செய்நிரலை எச்செய்நிரல் அழைத்து வந்தது என்பதையும் குடும்ப மரம் போலக் காட்டும். மாணவர்கள் இதனைப் பழகிக்கொள்வது நூறு காணொளிகளைப் பார்ப்பதிலும் மேலானது என்பது என் துணிபு.

இந்த ருசினோவிச்சுக்கே நேர்ந்ததொரு சம்பவம் உண்டு. 2005ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில், தமது கணினியிலே யாருக்கும் தெரியாமல் மறைந்திருந்த கோப்புகள் சிலவற்றை அவர் கண்டுபிடித்தார். துருவிச் சென்றபோது, தாம் காசு கொடுத்து வாங்கிய இசைத்தட்டு ஒன்றிலிருந்து அவை இறங்கியிருந்தமை வெளிப்பட்டது. படியெடுப்பதைத் தடுக்கும்பொருட்டு சோனி பி.எம்.ஜி. நிறுவனம் அத்தட்டுகளிலே அந்தச் செய்நிரலைச் சேர்த்திருந்தது. குறித்த சில எழுத்துகளில் தொடங்கும் எப்பெயரும் பட்டியலிலே தோன்றாதபடி அது மறைத்துவிடும். அதன் சேவைக்குச் சூட்டியிருந்த பெயரோ, வின்டோசின் சொந்தச் சேவை போன்று ஒலிப்பது. போதாக்குறைக்கு, ஓடும் செய்நிரல்களையெல்லாம் இரண்டு வினாடிக்கொருமுறை அது சோதித்துக்கொண்டேயிருந்தது. செய்தி வெளியானதும் பெருங் கண்டனம் எழுந்தது. அடுத்த மாதமே நிறுவனம் அத்தட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ள நேர்ந்தது. பெயர் பெற்ற நிறுவனம் என்பதும் ஒரு பெயரே என்பதை அன்று பலர் உணர்ந்தனர்.

வீடும் சரியாக, சீட்டும் சரியாக இருந்தும் உள்ளே வேறொருவன் இருப்பானா? இருப்பான். தமிழ்நாட்டுத் திருநெல்வேலி மாவட்டத்துக் கூடங்குளம் அணுமின் நிலையச் செய்தியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 2019 ஒக்டோபர் 29ஆந் திகதி நிலையத்தார், கட்டுப்பாட்டு முறைமைகள் வெளி வலையமைப்போடு தொடர்பற்றவை, அவற்றைத் தாக்குதல் இயலாது என்று அறிக்கை விட்டனர். மறுநாளே இந்திய அணுமின் கழகம், தனது கணினியொன்றில் தீநிரல் காணப்பட்டது மெய்யென ஒப்புக்கொண்டது. இந்திய அரசின் கணினி அவசரப் பிரிவாகிய சேர்ட்-இன் செப்டெம்பர் 4ஆந் திகதியே அதனை அறிவித்திருந்ததாம். தொற்றுக்குள்ளானது நிருவாக வேலைகளுக்காக இணையத்தோடு இணைத்திருந்த கணினி. அணு உலையை இயக்கும் வலையமைப்பு பாதிக்கப்படவில்லை என்றும் கழகம் தெரிவித்தது.

அங்கே காணப்பட்டது ‘டிட்ராக்’ வகையைச் சேர்ந்ததென ஆராய்ச்சியாளர் கூறினர். இவ்வகையைப் பற்றிக் கஸ்பர்ஸ்கி நிறுவனம் 2019 செப்டெம்பரில் வெளியிட்ட ஆய்வைப் படித்தால் வியப்பும் அச்சமும் ஒருங்கே தோன்றும். எழுத்துருக்களைக் காட்டும் ‘பொன்ட்வியூ’ போன்ற, எவரும் ஐயுறாத வின்டோஸ் செய்நிரல் ஒன்றை அது முதலிலே எழுப்பும். எழுப்பியதும் அதன் உட்பொருளை அகற்றிவிட்டுத் தன்னை அங்கே நிரப்பிக்கொள்ளும். பெயர் பழைய பெயர். வீடு பழைய வீடு. உடம்புக்குள்ளே வேறு உயிர். கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று நமது கதைகளிலே கேட்டதை இங்கே இயந்திரத்தில் காண்கிறோம். பாய்ந்தபின், அழுத்தும் ஒவ்வொரு சாவியையும் பதிவுசெய்யும். உலாவியின் வரலாற்றை எடுக்கும். தட்டிலுள்ள கோப்புகளுக்கு அட்டவணை போடும். ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரல்களின் பட்டியலையும் எழுதிக்கொள்ளும். ஆம், வீட்டுக்காரர் பார்க்கச் சோம்பும் அதே செக்ரோலைக் கள்வன் கருத்தோடு படிக்கிறான்!

ஆகையால் நான்காவது கேள்வியாகிய ‘என்ன செய்கிறாய்?’ என்பது முதன்மை பெறுகிறது. எழுத்துருவைக் காட்டவேண்டிய செய்நிரல், எழுத்துருச் சாளரம் எதுவுமே திறக்காதபோது ஓடுவதேன்? அது இணையத்திலே யாரோடு பேசுகிறது? ‘டாஸ்க் மனேஜரை’த் திறந்து அங்கிருந்து ‘ரிசோர்ஸ் மொனிட்டர்’ என்பதற்குச் சென்றால், வலையமைப்புப் பக்கத்தில் எச்செய்நிரல் எம்முகவரியோடு தொடர்பு கொண்டுள்ளது என்பது தெரியும்.

ஆயினும் செயலை மட்டும் கண்டு தண்டிப்பதும் தவறாகலாம். தமிழ் எழுதும் வீடுகளுக்கு இது மிகப் பொருந்தும். ‘இ-கலப்பை’, ‘என்.எச்.எம். ரைட்டர்’ போன்ற விசைப்பலகைச் செய்நிரல்களை நம்மிற் பலர் நிறுவியிருக்கிறோம். அவை பின்னணியில் இருந்துகொண்டு நாம் அழுத்தும் ஒவ்வொரு சாவியையும் இடைமறித்து, ‘அம்மா’ என்று ஆங்கில எழுத்திலே தட்டியதைத் தமிழாக்கித் தருகின்றன. வேவுகாரனும் சாவிகளைத்தான் இடைமறிக்கிறான். வேறுபாடு எதிலேயெனில், இவற்றை நாமே அழைத்து வந்தோம். இவை கேட்டதை எங்கும் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. இதே இனத்தில் ‘சிடிஎப்மொன்’ என்றொரு வின்டோஸ் செய்நிரலும் உண்டு. பலமொழி எழுத்துள்ளீட்டைக் கவனிப்பது இது. புரியாத பெயரென்று இதனை நிறுத்தியவர்கள், மொழிப் பட்டை மறைந்துபோகத் தமிழ் எழுத வழியின்றித் தவிக்க நேரும்.

இனி மாணவர் எழுதிய ஐந்து பெயர்கள். ஒன்று, இப்போது சொன்ன ‘சிடிஎப்மொன்’. இரண்டாவது, கோப்புகளுக்குச் சுட்டி தயாரிக்கும் ‘சேர்ச் இன்டெக்ஸர்’. மூன்றாவது, வின்டோசின் காவற்காரனாகிய டிபென்டரின் ‘எம்எஸ்எம்பிஎன்ஜின்’. சோதனை நடக்கும் வேளையில் கணினியை மந்தமாக்குவது உண்மையே, ஆனால் காவற்காரனை வீட்டைவிட்டு அனுப்பவேண்டாம். நான்காவது ஓர் அச்சுப்பொறியின் உதவியாள். அந்த அச்சுப்பொறி வீட்டிலே இல்லையெனின் ‘செட்டிங்ஸ்’ வழியாக முறைப்படி நீக்கலாம். ஐந்தாவதன் இருப்பிடம் தற்காலிக உறை; கையொப்பம் இல்லை; கணினி தொடங்கும்போதெல்லாம் தானும் எழுகிறது; அதனை நிறுவியதாக வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை.

இந்த ஒன்றுக்காகத்தான் இவ்வளவும் எழுத நேர்ந்தது. இணையத் தொடர்பை முதலிலே துண்டித்துவிடும். பெயரையும் இருப்பிடத்தையும் தாளில் எழுதிக்கொள்ளும். வெறுமனே ‘என்ட் டாஸ்க்’ கொடுப்பதால் பயனில்லை. அடுத்த முறை கணினி தொடங்கும்போது மீண்டும் எழுந்து வரும். டிபென்டரிலே ‘ஓப்லைன் ஸ்கேன்’ என்றொரு சோதனை உண்டு. அது வின்டோஸ் எழுவதற்கு முன்னரே தட்டைத் துருவுமாதலால் மறைந்திருப்பவற்றுக்கு ஒளிய இடமிராது. கோப்பை ‘வைரஸ்டோட்டல்’ தளத்துக்கு அனுப்பியும் விசாரிக்கலாம். 2004ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டில் தொடங்கி, 2012இல் கூகிள் வாங்கிய அத்தளத்திலே, எழுபதுக்குக் குறையாத எதிர்நிரல்கள் ஒரு கோப்பைப் பரிசோதிக்கின்றன. ஒன்றிரண்டு மட்டும் குறைகூறினால் அது தவறான எச்சரிக்கையாகவும் இருக்கலாம். நாற்பது சொன்னால் தீர்ந்தது. அங்கே கொடுக்கும் கோப்பு பிறர் கைக்கும் போகுமாதலால் சொந்தக் கடிதங்களையும் படங்களையும் ஏற்றவேண்டாம். யாவும் தெளியும்வரை அக்கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கலாகாது. கடவுச்சொல்லை மாற்றுவதாயின் அம்மாவின் கைப்பேசியிலிருந்து மாற்றும். ஐயத்துக்குரிய கணினியிலிருந்து மாற்றினால் புதிய சொல்லையும் அதனிடமே ஒப்படைத்ததாகும்.

எதற்கெடுத்தாலும் “போமட் அடித்துவிடலாம்” என்று சொல்லும் கடைக்காரர் உண்டு. அது கடைசி மருந்து. பாடக் குறிப்புகளையும் குடும்பப் படங்களையும் வேறிடத்தில் படியெடுத்து வைக்காமல் அதற்கு இசையவேண்டாம்.

தரவுப் பொதியை அளந்து அளந்து செலவழிக்கும் நமக்கு இன்னொரு கணக்கும் வேண்டும். ‘செட்டிங்ஸ்’ சாளரத்தில் ‘டேட்டா யூசேஜ்’ என்ற பக்கம், எச்செய்நிரல் எவ்வளவு தரவை எடுத்தது என்று வரிசையாகக் காட்டும். பெரும்பாலும் அங்கே கள்வன் இரான். வின்டோசின் புதுப்பிப்பும், கோப்புகளை மேகத்துக்கு ஏற்றும் ‘வன்டிரைவு’மே முன்னணியில் நிற்கும். கைப்பேசியிலிருந்து இணைப்பு எடுப்பவர்கள் அவ்விணைப்பை ‘மீட்டர்ட்’ என்று குறித்துவிட்டால் இவற்றின் பசி அடங்கும். ஆனால் புதுப்பிப்பை நிரந்தரமாக நிறுத்திவிடலாகாது. வின்டோஸ் 10க்கு வழங்கிய வழமையான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு முடிவடைந்தது. பழைய கணினி வாங்குவோர் இதனை விசாரித்து வாங்குக.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. மைக்ரோசொப்டிலிருந்து பேசுகிறோம் என்று தொலைபேசியில் அழைத்து, சேவைப் பட்டியலைத் திறக்கச் சொல்லி, “பார்த்தீர்களா, எத்தனை நின்றுபோயிருக்கின்றன! எல்லாம் வைரசு” என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டம் உலகெங்கும் உண்டு. நின்றிருக்கும் சேவைகள் தேவையில்லாமையால் நின்றிருப்பவை. எல்லாக் கணினியிலும் அப்படியே. அத்தகைய அழைப்பு வந்தால் மறுமொழி கூறாமல் தொலைபேசியை வைத்துவிடுங்கள். கேட்கவேண்டியது இருந்தால், 2006ஆம் ஆண்டு முதல் நம் நாட்டிலே இயங்கிவரும் இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலைக் குழுவினரிடம் நாமே கேட்கலாம்.